மகனின் எடையும் எங்கள் வீட்டு அடுப்படியும்

மகனுடைய பிடரி கறுத்துத் தடித்திருந்ததை அழுக்கென்று நினைத்து, ஓர் ஆண்டுக்கும் மேலாக ஞாயிறுதோறும் பயத்தமாவு போட்டு அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டினேன். வலிக்கிறதென்று அவன் அழுத நாள்களும் உண்டு. காய்ச்சலுக்காக அழைத்துச் சென்றபோது அந்தக் கழுத்தைப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர், இது அழுக்கு அல்ல, இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாததன் அடையாளம் என்றார். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. உயரம் 132 செ.மீ., எடை 44 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை எண் 25 என்று வந்ததும், பெரியவர்களுக்கு இது அவ்வளவு கூடுதல் இல்லையே என்று எண்ணினேன். குழந்தைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து அளவு மாறும் என்று விளக்கி, வளர்ச்சி வரைபடத்தில் பருமனுக்கான கோட்டை அவன் எப்போதோ தாண்டிவிட்டதை அவர் காட்டினார்.

தைராய்டாக இருக்குமோ என்று கேட்டேன். அப்படியிருந்தால் பெரும்பாலும் உயரமும் குன்றியிருக்கும், இவன் வயதுக்கேற்ற உயரத்தில் இருக்கிறான் என்றார். இரத்தப் பரிசோதனையில், ஈரலின் பாதிப்பைக் காட்டும் நொதி சற்றுக் கூடியிருந்தது. பட்டினி போட வேண்டாம், எடையை ஏறவிடாமல் நிறுத்தினாலே போதும், உயரம் கூடக் கூட விகிதம் தானாக இறங்கும் என்றும், அவனுக்கென்று தனிச் சமையல் கூடவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் உண்பதை எழுதி வைத்தோம். காலையும் மாலையும் பாலில் கலக்கும் சத்துமாவு, அதற்குமேல் இரண்டு கரண்டி சர்க்கரை, பள்ளி விட்டதும் ஒரு பொட்டலம் மாம்பழ பானம், இரவில் தொலைக்காட்சி முன் பரோட்டா. நாளொன்றுக்கு 1,600 கலோரி உண்ணும் பிள்ளைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி, சேர்க்கப்படும் சர்க்கரை 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் அது காலை பத்து மணிக்குள்ளேயே பாதி தீர்ந்திருந்தது.

கடினமாக இருந்தது அத்தையிடம் பேசுவதுதான். பஞ்ச காலத்தைப் பார்த்தவர். பேரன் தட்டில் மிச்சம் வைத்தால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். “வளர்ற பிள்ளை வாயைக் கட்டாதே தாயி” என்று அவர் கண் கலங்கியபோது எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை அவரையே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தவர், மறுநாள் மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாகத் தட்டைப்பயறு அவித்துத் தாளித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து மாலைப் பலகாரம் அவர் பொறுப்பு. அவர் மாறியிராவிட்டால் எதுவும் நடந்திருக்காது என்பதே என் எண்ணம். “குண்டு” என்று உறவினர் யாரும் அவனைக் கூப்பிடக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவர்தான்.

பள்ளி வாசல் கடை வேறு சிக்கல். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதென்று 2020-ஆம் ஆண்டிலேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. அதைச் சொல்லிப் புகார் கொடுக்கச் சில பெற்றோர் முனைந்தார்கள். அந்தக் கடையை நம்பித்தான் அந்த அம்மாள் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார் என்பதால் நான் உடன்படவில்லை. அவரிடமே பேசினோம். இப்போது நெல்லிக்காயும் சுண்டலும் முன்னால் இருக்கின்றன. பொட்டலங்கள் முழுதும் போய்விடவில்லை, குறைந்திருக்கின்றன.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் இருசக்கர வண்டிகள் விரைவதால் யாரும் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. நான்கு வீட்டார் முறை வைத்து, ஐந்தரை முதல் ஆறரை வரை தெருமுனையில் ஒருவர் நிற்கத் தொடங்கினோம். இப்போது பதினொரு பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

பதினான்கு மாதங்கள் கழித்து உயரம் 139 செ.மீ., எடை 44.5 கிலோ, உடல் நிறை எண் 23. பருமனுக்கான கோட்டுக்குக் கீழே அவன் இன்னும் வரவில்லை. ஈரல் நொதி சரியாகிவிட்டது, பிடரியின் கறுப்பும் வெளிறி வருகிறது. தேய்த்து அழவைத்த அந்த ஞாயிறுகளுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை மறந்தே போயிருந்தான்.