சிவப்பு வந்த பிறகு

“பிரேக் பார் தப்பாகக் காட்டுகிறது. திரையில் 85, உள்ளே 65.” எங்கள் மொபைல் கேம் டீமில் டெஸ்டிங் பார்க்கிற பெண் போட்ட பக்கின் (பிழைப் புகாரின்) தலைப்பு இது. “வேண்டுமென்றே வைத்தது” என்று ஒரு வரி எழுதி நான் அதை மூடினேன். மறுநாள் திறந்து கிடந்தது. திரும்ப மூடினேன். அதற்கப்புறம் அவள் சிஸ்டத்தில் எதுவும் எழுதவில்லை, நேராக என் சீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அண்ணா, இது பக் இல்லைன்னு சொல்றீங்க. சரி. அப்ப பொய்யா?”

“பொய் இல்லம்மா. டிசைன்.”

இந்தப் பதிலைச் சொன்ன வேகத்தை நினைத்தால்தான் இன்னமும் ஒரு மாதிரியாக இருக்கிறது. பதில் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது அவ்வளவு தயாராக வாயில் இருந்திருக்க வேண்டாம்.

எங்கள் கேமில் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸை அடிவாரத்துக்கு இறக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறக்கினால் டிரம் சூடேறி ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. நிஜத்திலும் அப்படித்தான். அந்தச் சூட்டைக் காட்டத் திரையில் ஒரு பட்டை. அதை எங்கே வைப்பது என்பதற்கே பெரிய சண்டை நடந்தது. போனைப் படுக்கவாட்டில் பிடித்தால் கீழ் மூலை இரண்டையும் கட்டைவிரல்கள் மறைத்துவிடும். மேலே ஓரமாக வைத்தால் சில போன்களில் கேமராத் துளை இடிக்கும். கடைசியில் மேலே நடுவில் வைத்தோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்காகச் சிவப்புப் பகுதியில் சாய்கோடுகளும் போட்டேன். அதையெல்லாம் யாரும் குறை சொல்ல முடியாது.

அவள் பிடித்தது வேறு. பட்டை ஒரே சீராக ஏறாது. உள்ளே சூடு 65 ஆகும்போதே திரையில் 85 காட்டிச் சிவந்துவிடும். மீதியிருக்கிற 15-க்குள் 35 பங்கை அடைத்து வைத்திருக்கிறேன். அதனால் சிவந்த பிறகு பட்டை நகர்வது தெரியாத அளவுக்கு மெதுவாகிவிடும். போச்சு, இனி பிரேக் இல்லை என்று ஆடுகிறவர் நினைத்த பிறகும் வண்டி இரண்டு மூன்று வளைவு தாங்கும். அடிவாரம் வந்து நின்றதும், மயிரிழையில் தப்பினோம் என்று பெருமூச்சு விடுவார். மயிரிழை எல்லாம் இல்லை, ஒரு பஸ் திரும்புகிற இடமே இருந்தது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெனிஃபர் ஷோய்ர்லே என்ற கேம் டிசைனர் 2017-ல் ட்விட்டரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தார். ஆட்டக்காரருக்குத் தெரியாமல் கேம்கள் ஒளித்து வைக்கிற தந்திரங்கள் அப்போது வரிசையாக வெளியே வந்தன. அசாசின்ஸ் கிரீடிலும் டூமிலும் உயிர்ப் பட்டையின் கடைசித் துண்டு மற்ற துண்டுகளைவிட அதிக அடி தாங்கும் என்பது அதில் ஒன்று. அதற்கு முன்பே, 2010-ல் ஜி.டி.சி. என்ற கேம் டெவலப்பர்கள் மாநாட்டில், சிவிலைசேஷன் கேமை உருவாக்கிய சிட் மெயர் இதே மாதிரி ஒன்றைச் சொல்லியிருந்தார். வெற்றிக்கு 3, தோல்விக்கு 1 என்று திரையில் வாய்ப்பைக் காட்டினால், நான்கில் ஒரு முறை தோற்பதுதான் கணக்கு. ஆடுகிறவர்கள் அதை ஏற்றுக்கொள்வதில்லை, கேம் ஏமாற்றுகிறது என்கிறார்கள். அதனால் அவர்களுக்குச் சாதகமாக உள்கணக்கை மாற்ற வேண்டியிருந்ததாம். ஆக, திரையில் காட்டும் எண் ஆடுகிறவர் மனசுக்காக. உள்ளே இருக்கும் எண் மிஷினுக்காக. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இவ்வளவையும் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

“அதெல்லாம் கத்தியும் பேயும் வர்ற கேம் அண்ணா. அந்த ரோடு எங்கயும் இல்ல. நம்ம ரோடு இங்க இருக்குல்ல. சனி ஞாயிறுல இதே ரோட்டுலதான பசங்க பைக்ல இறங்கறாங்க? சிவப்பு வந்தாலும் இன்னும் இடம் இருக்குன்னு நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆகாதா?”

“கேம் ஆடி யாரும் வண்டி ஓட்டக் கத்துக்கறதில்லம்மா.”

இதுதான் நான் சொன்னது. வார்த்தை மாறாமல். அவள் “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உறுத்தல் ஆரம்பித்தது அன்று ராத்திரி. அதே வாரம் பப்ளிஷர் ஆட்களுக்கு நாங்கள் கேமைப் போட்டுக் காட்டியிருந்தோம். பேசியது நான்தான். ஒவ்வொரு வளைவும் இருக்கிறபடியே வரைந்தது, எண் பலகைகள்கூட அதே இடத்தில், இதை ஆடிப் பழகினவர் மலைப்பாதையில் எப்படி இறங்குவது என்று தெரிந்துகொள்வார், ஏறுகிற கியரிலேயே இறங்கு என்ற பாடம் கேமுக்குள்ளேயே இருக்கிறது என்றெல்லாம் அளந்துவிட்டேன். இல்லை, அளக்கவில்லை, நம்பித்தான் சொன்னேன். ஆனால் ஒரே வாய், ஒரே வாரம். காசு கொடுக்கிறவரிடம் கேம் சொல்லிக்கொடுக்கும் என்கிறேன், கேள்வி கேட்கிற பெண்ணிடம் கேம் எதையும் சொல்லிக்கொடுக்காது என்கிறேன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்று என்னால் வாதாட முடியும். கேம் நல்லதைச் சொல்லிக்கொடுக்கும், கெட்டதைச் சொல்லிக்கொடுக்காது என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இந்தத் துறையில் பாதிப் பேர் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் ஒரு வாதத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். நிஜ வண்டியின் மீட்டரே உண்மை சொல்வதில்லை. ஸ்பீடாமீட்டருக்கான ஐ.நா. விதி 39 என்ன சொல்கிறது? உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது; கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. அதாவது 60-ல் போகிற வண்டி 70 என்று காட்டினாலும் விதிப்படி சரி. பாதுகாப்பான பக்கமாகக் கொஞ்சம் பொய். என் பட்டையும் அதே பக்கம்தான் பொய் சொல்கிறது, ஆபத்து வருமுன்பே வந்துவிட்டது என்கிறது. அப்படியென்றால் நான் செய்தது தப்பா, பத்திரமா?

“ஸ்பீடாமீட்டர் பொய் சொல்றது ஓட்டறவங்களுக்குத் தெரியாதுண்ணா, அதனால வேலை செய்யுது. நம்ம பாரை நாலு தடவ ஆடினா எவனும் கண்டுபிடிச்சிருவான்.”

“பெட்ரோல் முள்ளும் அப்படித்தானே? முள் கீழ போனாலும் ரிசர்வ் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“அதான் சேலம் அஞ்சு ரோட்டுல பாதிப் பேர் வண்டியத் தள்ளிட்டுப் போறாங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். வாதத்தில் தோற்றால்கூடப் பரவாயில்லை, சிரிக்க வைத்துத் தோற்கடித்தால் அதற்கு மேல் பேச முடியாது.

அவள் சொன்னதற்குச் சாட்சி சீக்கிரமே வந்தது. ஆடிப் பார்க்கக் காலேஜ் பையன்கள் சிலரை வரவழைத்திருந்தோம். அதில் ஒருவன் நாலைந்து ஆட்டத்திலேயே பட்டையின் குணத்தைப் பிடித்துவிட்டான். மற்றவர்கள் சிவப்பைக் கண்டு பிரேக்கை விட்டபோது அவன் விடவில்லை. எப்படி என்று இவள் கேட்டதற்கு, “ரெட் வந்ததுக்கு அப்புறம்தாங்க்கா கேமே ஆரம்பிக்குது” என்றானாம். குரலை உயர்த்தாமல், குத்திக்காட்டாமல் அதை அப்படியே என்னிடம் வந்து சொன்னாள்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. திரையில் பட்டை வரைகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கேமுக்காகச் சத்தம் பதிவு செய்ய முன்பொரு நாள் மலைப்பாதைக்குப் போயிருந்தோம். இறங்கி வந்த வேன் ஒன்று வளைவு தாண்டி ஓரமாக நின்றது. பிரேக் லைனர் கருகும் வாடை நாங்கள் நின்ற இடம் வரை அடித்தது. உள்ளே இருந்த குடும்பம் குரங்குக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. டிரைவர் இறங்கி வந்து முன்சக்கரத்துக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புறங்கையைச் சக்கரத்துக்கு நாலு விரற்கடை தள்ளிப் பிடித்தார். தொடவில்லை. கையை எடுத்தார். ஒரு பீடி பிடித்து முடித்துவிட்டு மறுபடி அதே மாதிரி பிடித்தார். தண்ணீர் ஊற்றட்டுமா என்று எங்கள் பையன் பாட்டிலை நீட்டியதற்கு, “அய்யய்யோ, டிரம்மு விட்டுப்போயிரும்” என்று தடுத்துவிட்டார். மூன்றாவது தடவை கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அந்த வேனில் சூடு காட்டுகிற பட்டை எதுவும் கிடையாது. என்னிடம் கேட்டால் அதுவே என் பக்கத்து வாதம் என்பேன். உலகத்தில் இல்லாத ஒரு மீட்டருக்கு உண்மையாக இரு என்று எப்படிக் கேட்க முடியும்? திரையில் வாடை வராது, கையில் சூடு ஏறாது. அவை இரண்டுக்கும் பதிலாகத்தான் பட்டை வரைகிறோம். வாடை கொடுக்கிற பயத்தைப் பட்டை கொடுக்க வேண்டுமென்றால் அது கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் ஆக வேண்டும். சரி, இது வரைக்கும் எனக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை முதலில் கொடுத்து, பிறகு அது வெறும் பயம்தான் என்று பழக்கிவிடுவதும் அதே பட்டைதான். அந்த டிரைவர் எத்தனை வருஷம் இறங்கினாலும் வாடை அவரிடம் அப்படி விளையாடாது.

நடுவழி ஒன்று செய்தோம். ‘கடினம்’ என்ற முறையில் பட்டையையே எடுத்துவிட்டேன். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை, பிரேக்கின் கிறீச்சல் மாறுவது, பெடல் படம் அதிக ஆழம் இறங்குவது, அவ்வளவுதான். பட்டை இல்லாமல் நிலையைக் காட்டுவது புதிதல்ல. 2008-ல் வந்த டெட் ஸ்பேஸில் உயிர் எவ்வளவு இருக்கிறது என்பது கதாநாயகன் உடையில் முதுகுத்தண்டு வழியே ஒளிரும், திரையின் ஓரத்தில் தனியாக ஒன்றும் இருக்காது. அதற்கும் முன்னால் 2005-ல் வந்த கிங் காங் கேமில், துப்பாக்கியில் குண்டு எவ்வளவு மிச்சம் என்று கதாபாத்திரமே வாயால் சொல்லும். எங்களுடையதில் அந்த அழகெல்லாம் இல்லை. ஆனாலும் அவளுக்குப் பிடித்திருந்தது. “இது பொய் சொல்லலண்ணா” என்றாள்.

காலேஜ் பையன்கள் அதை ஒரு தடவை ஆடிவிட்டு மற்றதற்குத் திரும்பிவிட்டார்கள். எப்போது விழுவோம் என்றே தெரியவில்லை, கடுப்பாகிறது என்றார்கள். பொய் சொல்கிற பட்டை இருந்தால் நியாயமாக இருக்கிறதாம், உண்மை சொல்கிற புகை அநியாயமாம். சிட் மெயர் சொன்ன கதைதான். இதைக் காட்டி அவளிடம் ‘பார்த்தாயா’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன். அவள் திருப்பி என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான்.

கேம் லோட் ஆகும் நேரத்தில் திரையில் வரும் குறிப்புகளை அவளையே எழுதச் சொன்னேன். அதில் ஒன்று: “பட்டை சிவந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.” நல்ல அறிவுரை. ரோட்டுக்கும் பொருந்தும். எழுதிக் கொடுத்துவிட்டு அவளே அதை ஆடியும் பார்த்தாள். குறிப்பில் சொன்னபடி நிறுத்தி, ஆறவிட்டு இறங்கினால் நேரம் போய்விடுகிறது, ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கிறது. சிவப்போடு இறங்கினால் மூன்று. அதையும் ஒரு பக்காகப் போட்டிருக்கிறாள், தலைப்பில் என் பெயர் இல்லாமல், கேள்விக்குறி இல்லாமல். நேரத்தைத் தளர்த்தினால் ஆட்டம் சப்பென்று போய்விடும் என்கிறார் பப்ளிஷர். ஆடிப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதை மூடவில்லை. அடுத்த வெர்ஷனுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.