அப்பா தட்டும் மதினி தட்டும்

அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது, வயது 66. ஆனால் தட்டில் விழும் சோறு மட்டும் இன்னும் விசைப்படகில் வலை இழுத்த காலத்து அளவுதான். அம்மா ஒரு கரண்டி குறைத்தால்கூட அவர் முகம் வாடிவிடும். போன மாதம் சர்க்கரை ஏறி, டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் இந்தக் கலோரிக் கணக்கை உட்கார்ந்து படித்தேன்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, 65 கிலோ எடையுள்ள இளவயது ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளைக்கு 2,110 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2,710, கடும் உழைப்புக்கு 3,470. முதலுக்கும் கடைசிக்கும் 1,360 வித்தியாசம், அரிசியில் சொன்னால் கிட்டத்தட்ட 400 கிராம்! அதுபோக வயதாக ஆகத் தசை குறைவதால் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிப்பதும் குறைந்துகொண்டே வரும். அந்தச் செலவைக் கணக்கிட 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் வயதில் ஒவ்வொரு வருஷத்துக்கும் 5 கலோரி கழிக்கிறார்கள், அப்படியானால் 26 வயது அப்பாவுக்கும் 66 வயது அப்பாவுக்கும் அதிலேயே 200 வித்தியாசம். புரதத்தை மட்டும் வயதைக் காட்டிக் குறைக்கக் கூடாது. அதனால் சோற்றைக் குறைத்தோம், மீனில் கை வைக்கவில்லை.

சரி, அப்பா கதை சீக்கிரம் சரியாகிவிட்டது. எனக்கு மனசு கேட்காமல் போனது மதினி விஷயத்தில்தான்.

மதினி பாம்பனில் தென்கடல் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருந்து பாசியைப் பிய்த்துச் சாக்கில் சேர்த்துக் கரைக்கு இழுத்து வர வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலைக்கு 1,660, நடுத்தர உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720 கலோரி என்கிறது அதே ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அதாவது, வீட்டில் இருக்கும் அப்பாவைவிட மதினிக்குத்தான் சாப்பாடு அதிகம் வேண்டும். ஆனால் அவர் காலையில் ஒரு வரக்காப்பியோடு கிளம்பி, மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிஞ்சியதைத்தான் தின்கிறார். இத்தனை வருஷமாக எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்த காலத்திலும் அப்படித்தான், முதல் ஆறு மாதம் தினமும் கூடுதலாக 600 கலோரி வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஏன் மதினி சாப்பிடாமல் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வயிறு நெறஞ்சா முங்க முடியாது தம்பி" என்றார். நியாயம்தான். அதனால் தூக்குவாளியில் பழைய சோறு, கருவாடு, நாலைந்து கடலை உருண்டை கட்டிக்கொடுத்து, கரையேறியதும் சாப்பிடச் சொல்லியிருக்கிறோம். அப்புறம் மத்தியானச் சோற்றையும் குழம்பு மீனையும் மதினிக்கு முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுகிறார் அம்மா.