இலையுதிர்காலமும் ஊர் வரலாற்றுச் சங்கங்களும்

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் சிறிய ஊர்களில் செப்டெம்பர் நடுப்பகுதி தொடங்கி நவம்பர் இறுதிவரை ஊர் வரலாற்றுச் சங்கங்களும் குடிவழி ஆய்வுக் கழகங்களும் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் அவற்றின் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். நாம் பிள்ளைகளின் கதைநேரத்துக்கான தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். வூஸ்டர் பகுதியில் குடியேறியதிலிருந்து இவற்றுக்குத் தொடர்ந்து போய்வருகிறேன். இந்த ஊர்களின் பதிவேடுகளிலும் கல்லறைகளிலும் தமிழரின் கதையும் கலந்திருக்கிறது என்பதை அங்கேதான் அறிந்துகொண்டேன். ஆகவே இந்தப் பருவம் முடிவதற்குள் நீங்களும் ஒருமுறை போக வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த மாதங்களில் நிகழ்ச்சிகள் குவிவதற்குக் காரணங்கள் உண்டு. பல சங்கங்களுக்கு அலுவலகமாக இருப்பது 18ஆம் அல்லது 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு பழைய வீடு. குளிர்காலத்தில் அதைச் சூடேற்றி வைத்திருக்கச் சங்கங்களிடம் வசதி இருப்பதில்லை. எனவே ஒக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமையை ஒட்டிய நீண்ட வார இறுதியோடு அவற்றிற் பல அடுத்த வசந்தம்வரை மூடப்படுகின்றன. 2001இல் அமெரிக்க செனட் ஒக்டோபரைக் குடும்ப வரலாற்று மாதமாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆவணக் காப்பகங்களுக்கான மாதமாகவும் அதையே கொண்டாடுகிறார்கள். பேச்சுகள், பழைய புத்தக விற்பனை, பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுதல் என்று எல்லாம் நடக்கும். அவற்றுள் முதலிடம் பெறத் தக்கது கல்லறைத் தோட்டங்களில் நடத்தப்படும் வழிகாட்டு நடை என்பது என் கருத்து.

மசாசூசெட்ஸ் அடங்கிய புதிய இங்கிலாந்துப் பகுதியின் பழைய கல்லறைகளை வாசிப்பதற்கு இலையுதிர்காலமே ஏற்ற காலம். நுளம்புகள் குறைந்துவிடும், புல்லும் அடங்கிவிடும். அதைவிட முக்கியமாக, தாழ்ந்து வரும் வெயில் கல்லின்மீது சாய்வாக விழுவதால், கோடையில் கண்ணுக்கே படாத எழுத்துகள் நிழல் பெற்று எழுந்து நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிலேட்டுக் கல்லின் தலைப்பகுதியில் சிறகு முளைத்த மண்டையோட்டைச் செதுக்கியவர்கள், பின்னர் சிறகுள்ள குழந்தை முகத்தையும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாழியையும் தொங்கும் வில்லோ மரத்தையும் செதுக்கத் தொடங்கினார்கள். மரணத்தைப் பற்றிய ஒரு சமூகத்தின் எண்ணம் எப்படி மாறியது என்பதை ஒரே தோட்டத்தில், ஆண்டு வரிசையில் நடந்து பார்க்கலாம். சிலேட்டு இன்றும் கூர்மையாக இருக்க, அதற்குப் பின் வந்த சலவைக்கல் அமில மழையால் கரைந்து மழுங்கிப் போயிருப்பதையும் வழிகாட்டிகள் காட்டுவார்கள். சில சங்கங்கள் உறைபனி வருமுன் கல் துப்புரவு நாளையும் நடத்துகின்றன. தோட்டத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். கம்பித் தூரிகையும் வெளுப்பானும் கல்லைத் தொடவே கூடாது. மங்கிய எழுத்துகளைச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்து வாசிப்பதும் கல்லைக் கெடுக்கும் என்பதால், கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி வாசிக்கப் பழக்குகிறார்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

நான் பெரிதும் மதிக்கும் கல் வூஸ்டரின் ரூரல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் இதே பகுதியில் பிறந்து, 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் சென்று, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் நடத்தியவர். ஆங்கிலத்தில் தொடங்கிய அந்தக் கல்வியை 1864இலிருந்து தமிழில் நடத்தினார். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவர்களாக உருவாக்கினார். உடல்நலம் குன்றி 1873இல் ஊர் திரும்பிய பின்னும், கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் இருந்தபடியே தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்து, 1884இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லில் எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம், அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பண்ணை 1905இல் நகருக்குக் கொடுக்கப்பட்டு இன்று பூங்காவாக இருக்கிறது. வார இறுதிகளில் நம் குடும்பங்கள் பலவும் அங்கே போகின்றன. மானிப்பாயில் பிறந்த என் அம்மம்மா அவர் பெயரால் வழங்கும் மருத்துவமனையை நன்கு அறிந்தவர். அதை நிறுவியவர் எந்த ஊரவர் என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை.

மசாசூசெட்ஸின் கடற்கரை நகரான சேலத்துக்கும் (Salem) தமிழரோடு ஒரு தொடர்பு இருக்கிறது. அந்நகரின் கிழக்குத் தேவாலயப் போதகர் வில்லியம் பென்ட்லி, 1790 டிசம்பர் இறுதியில் மதராசிலிருந்து வந்த ஒரு மனிதரைக் கண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதி, அவருடைய நிறத்தையும் நீண்ட கருங்கூந்தலையும் உயரத்தையும் குறித்து வைத்தார். பெயரை எழுதவில்லை. ஒக்டோபரில் சேலம் முழுவதும் ஹாலோவீனை ஒட்டிச் சூனியக்காரி வேடமிட்ட கூட்டத்தால் நிரம்பி வழியும் என்பதால் வேலைநாட் காலையிற் போவதே நல்லது. நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ கடந்து கப்பலோட்டியவர்கள் 1799இல் அமைத்த சங்கத்திலிருந்து வளர்ந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பொஸ்டனில் 1649இல் பிறந்தவரும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவருமான எலிகு யேல் 1680 நவம்பரில் மதராஸ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மணம் முடித்தபோது, அத்தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் ஏறிய முதல் பதிவே அவருடையதாக இருந்தது. ஒரு பொஸ்டன் குடும்பத்தின் வம்சாவளியை முழுமையாக்க மதராஸ் ஏட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.

தொடக்கநிலையினருக்கான குடிவழி வகுப்புகளும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் தொடங்குகின்றன. உங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள், ஒரு பதிவை மட்டும் நம்பாமல் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில் அயலவர் யாரென்றும் பாருங்கள் என்பவை அங்கே முதலிற் சொல்லித்தரும் பாடங்கள். ஏடுகள் யாரை விட்டுவிட்டன என்பதைப் பற்றிய பாடம் என்னை மிகவும் பாதித்தது. அமெரிக்கக் குடிக்கணக்கில் 1840வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. 1850இல் சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டபோதும், அடிமைப்படுத்தப்பட்டோர் உரிமையாளரின் பெயரின்கீழ் வயதும் பாலும் நிறமும் மட்டுமே கொண்ட வரிகளாகப் பதியப்பட்டார்கள்; அவர்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் 1870இல்தான் முதன்முதலாகக் கணக்கில் வருகின்றன. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் பின்தோன்றல் அந்த ஆண்டுக்கு முன்னால் வழியின்றி நிற்பதை ஒரு வகுப்பில் அருகிலிருந்து பார்த்தபோது, பெயரோடு ஓர் ஏட்டில் இருப்பது எவ்வளவு பெரிய உரிமை என்று விளங்கியது.

1890ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் எரிந்தும் பழுதடைந்தும் போனது; எஞ்சியதிற் பெரும்பாலானவை பின்னர் அழிக்கப்பட்டன. அந்த இடைவெளியை நகர விவரக் கையேடுகள், வரிப் பட்டியல்கள், தேவாலய ஏடுகள் ஆகியவற்றால் எப்படி நிரப்புவது என்பதற்கே தனி வகுப்பு நடத்துகிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் இழந்த நமக்கு இந்த வகுப்பு மிகவும் தேவையானது. ஒல்லாந்தர் காலத் தோம்புகள் எனப்படும் காணிப் பதிவேடுகள், மிஷன் தேவாலயப் பதிவுகள், காணி உறுதிகள், பள்ளிக்கூட வரவு ஏடுகள் என்று நமக்கும் மாற்று வழிகள் உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கோ 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பலிலிருந்தே ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் கொண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன.

பழைய படங்களைப் பிரதியெடுக்கும் நாளையும் தவறவிடாதீர்கள். படங்களைக் கொண்டுபோனால் தொண்டர்கள் அங்கேயே ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர்கள் யாரென்று கேட்டு எழுதி, மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவார்கள். பின்புறத்தில் எழுதுவதானால் பேனாவால் அல்லாமல் மென்மையான பென்சிலால் எழுத வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டது அங்கேதான். நம் தமிழ்ச் சங்கங்கள் தீபாவளி விழாவன்று மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையிட்டு இதையே செய்யலாம், பெரிய செலவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் செய்துவருவதைக் குடும்ப ஆவணங்களுக்கு நாம் வீடுவீடாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

நவம்பர் நான்காவது வியாழனில் வரும் நன்றியறிதல் நாளுக்கு முன்னதாகப் பல சங்கங்கள் முதியோரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று பயிற்சி தருகின்றன. 2004இலிருந்து அந்நாளே குடும்ப உடல்நல வரலாற்று நாளாகவும் அமெரிக்க அரசால் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நீரிழிவும் இதயநோயும் தலைமுறைதோறும் தொடரும் நம் குடும்பங்களில் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்பதையும் அன்றே கேட்டு எழுதிவிடலாம். பொதுவாக வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரியவர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரு படத்தைக் கையிற் கொடுத்து, இந்த வீட்டின் கிணறு எந்தப் பக்கம் இருந்தது, பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சியாக வந்தவர் யார், அம்மாவின் தாய்வழியார் எந்த ஊர் என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். பெண்வழிப் பெயர்களை அன்றே கேட்டுவிடுங்கள், அவை ஏடுகளிற் குறைவாகவே கிடைக்கும். பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, தொடக்கத்திலேயே பேசுபவரின் பெயரையும் இடத்தையும் தேதியையும் சொல்லி வைத்து, பிரதிகளை வெவ்வேறு வீடுகளில் உள்ள இருவரிடம் கொடுத்துவிடுங்கள்.