வீட்டில் ஒரு 9.2 அங்குலப் பீரங்கி

திருகோணமலையில் இருந்துகொண்டு "வீட்டில் பீரங்கி கட்டுகிறேன்" என்று சத்தமாகச் சொல்ல முடியாது. ஆகவே முதலிலேயே விளக்கிவிடுகிறேன். நான் கட்டியது வெடிக்காத, வெடிக்க வைக்கவும் முடியாத ஒரு மாதிரி. ஒஸ்ரன்பேர்க் மேட்டில், கடற்படையின் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகத்தில் நிற்கிற 9.2 அங்குலக் கரையோரப் பீரங்கியின் பிரதி. 9.2 அங்குலம் என்பது குழலின் உள்விட்டம். அளவு பன்னிரண்டில் ஒன்று. அங்கே ஓர் அடி என்றால் என் மேசையில் ஓர் அங்குலம்.

ஏன் அந்தப் பீரங்கி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. கோட்டைக்குள் கிடக்கும் பழைய வார்ப்பிரும்புப் பீரங்கிகளைச் சின்ன வயதில் இருந்தே பார்த்து அலுத்துவிட்டது. அவை வெறும் குழாய்கள். இதுவோ ஓர் இயந்திரம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதைப் பற்றி ஊரில் வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சீனக்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கியின் நெளிந்த இரும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு இந்தப் பெரிய பீரங்கிகளுக்கு வேலையே இருக்கவில்லை. வந்தது விமானம். விமானங்களை ஏவிய கப்பல்களோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்றன. கப்பலைச் சுடவென்று வைத்த பீரங்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அந்த நினைப்பே எனக்கு அதன்மேல் ஒரு பரிவை உண்டாக்கிவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். இதைச் செய்ய நினைக்கிறவர்கள் எல்லோரும் குழலில்தான் தொடங்குகிறார்கள். நீளமாக, கம்பீரமாக இருப்பது அதுதானே. என் அனுபவத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் கடதாசி வேலை, அப்புறம் பின்வாய் (குண்டை வைத்து மூடும் பின்பக்கம்), அப்புறம் சுழல்மேடை, அதற்குப் பிறகுதான் குழல்.

கடதாசி வேலை என்றால் இரண்டு வகை. ஒன்று வரைபடம். இந்த வகைப் பீரங்கி, அதாவது மார்க் 10, பிரித்தானியப் பேரரசு முழுக்கப் பரவியிருந்ததால் படங்களுக்குப் பஞ்சமில்லை. அவுஸ்திரேலியாவின் ரொட்னெஸ்ட் தீவில் ஒலிவர் ஹில் என்ற இடத்தில் சுரங்கப்பாதையோடு பேணி வைத்திருக்கிறார்கள். ஜிப்ரால்டரில் மலை உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து இறக்கிய ஒன்று இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய இராணுவக் கைநூல்களின் பக்கங்களும் தேடினால் கிடைக்கும். ஆனால் நேரில் பார்க்காமல் கட்டினால் அது ஊர் பேர் இல்லாத பீரங்கியாகிவிடும். ஒஸ்ரன்பேர்க் மேடு டொக்யார்டுக்கு உள்ளே, கடற்படைத் தளத்தில் இருக்கிறது. தேசிய அடையாள அட்டையோடு போய், வாசலில் காரணத்தைச் சொல்லி, படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. என்னோடு வந்த சிப்பாய் தம்பி துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அளவு நாடாவை எடுத்தபோது சிரித்தார். நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான்.

இரண்டாவது கடதாசி இன்னும் முக்கியம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சுடுகலன் செய்வது குற்றம். என்னுடையது அந்த வரையறைக்குள் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் போர்க்காலத்தில் பற்றரியும் யூரியாவும் தடைப்பட்டியலில் கிடந்த காலத்தைக் கண்ட மாவட்டம் இது. மதில் மேலால் எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் சட்டப் பிரிவை வாசித்துக் காட்ட முடியாது. எனவே படத்தோடு ஒரு கடிதம் எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொலிஸிலயும் ஒரு பிரதி குடுத்து வையுங்கோ, பிறகு கேட்டால் காட்டலாம்" என்றார். கொடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஊக்கமும் தரவில்லை.

இதனாலேயே ஒரு முடிவையும் தொடக்கத்தில் எடுத்தேன். குழல் மரம். முன்வாயில் இரண்டு அங்குலம் மட்டும் குழி, பின்வாயில் பூட்டு உட்காரும் அளவுக்குக் குழி, நடுவில் துளையே கிடையாது. பார்த்தவுடனேயே இது எதையும் சுடாது என்று தெரிய வேண்டும். உலோகக் குழாயில் செய்தால் பாதி வேலைதான் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பாதி வேலைக்காக மிச்ச ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை.

கடைசல் பட்டறைக்காரரும் அதே நிலைதான். படத்தை விரித்தவுடனே அவர் கேட்ட முதல் கேள்வி:

"உள்ளுக்கு ஓட்டை வருமோ தம்பி?"

"முன்னுக்கு ரெண்டு இஞ்சி, பின்னுக்குப் பூட்டுக்கு மட்டும் அண்ணை. நடுவில முழு மரம்."

"அப்ப சரி. ஓட்டை முழுசாப் போறதெண்டால் என்ர லேத்தில ஏத்தமாட்டன்."

அவரிடம் கொடுத்தது பின்வாய்ப் பூட்டு. இந்தப் பீரங்கியின் மூளை அங்கேதான் இருக்கிறது. உண்மையான மார்க் 10இல் குழலும் பூட்டும் சேர்ந்து ஏறக்குறைய 28 தொன். 380 இறாத்தல் குண்டை, அதாவது 172 கிலோவை, பின்னால் வைத்துத் தள்ளி, அதன் பின்னால் வெடிமருந்துப் பைகளை வைத்து, கதவை மூட வேண்டும். கதவு அந்த அழுத்தத்தைத் தாங்கவும் வேண்டும், சட்டென்று திறக்கவும் வேண்டும். முழுப் புரி (திருகு வரி) போட்ட ஆணி தாங்கும். ஆனால் அதைச் சுற்றிச் சுற்றிக் கழற்றி முடிப்பதற்குள் கப்பல் போய்விடும். அதற்குக் கண்டுபிடித்ததுதான் இடைவிட்ட புரி. ஆணியின் சுற்றளவை ஆறாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றில் புரியை வழித்து எடுத்துவிடுவது. உள்ளே குழியிலும் அப்படியே. ஆணியின் புரி உள்ள பக்கத்தைக் குழியின் வழித்த பக்கத்துக்கு நேராகப் பிடித்தால் நேரே உள்ளே போகும். 60 பாகை திருப்பினால் பூட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு குறை, வட்டத்தில் பாதிதான் பிடிக்கிறது. அக்செல் வெலின் என்ற சுவீடன் பொறியியலாளர் புரியைப் படிப்படியான உயரங்களில் வெட்டி அந்தக் குறையைத் தீர்த்தார். அந்தப் படிகளைப் பெருவிரல் தடிமன் பித்தளையில் அரத்தால் ராவி எடுக்கப் பொறுமையும் கண்ணும் எனக்கு இல்லை. ஆகவே ஆறு பங்கு முறையோடு நிறுத்திக்கொண்டேன். கண்டிப்பானவர்கள் குறை சொல்லட்டும்.

அண்ணை பித்தளையில் ஆணியையும் வளையத்தையும் கடைந்து, இரண்டிலும் பருமனான புரி வெட்டித் தந்தார். வழிக்கிற வேலை என்னுடையது. ஆறு கோடுகளை மார்க் பண்ணி, முக்கோண அரத்தால் மெதுவாக ராவ வேண்டும். வெளிப்புறம் சுலபம். வளையத்தின் உள்புறம்தான் உயிரை எடுக்கும். சின்ன அரம் உள்ளே போனால் கை போகாது. இங்கே அவசரப்படவே கூடாது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக ராவினால் பூட்டு ஆடும், குறைவாக ராவினால் உள்ளே இறங்காது. இறங்கித் திரும்பி "டக்" என்று நின்ற அந்த முதல் தடவை, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "போத்தல் மூடி மாதிரித்தானே" என்றார்.

இதற்கு முந்திய மார்க் 9இல் கதவைத் திருப்ப, இழுக்க, விலக்க என்று மூன்று தனித்தனி அசைவுகள். மார்க் 10இல் ஒரே பிடி, ஒரே அசைவு. அதையும் மாதிரியில் கொண்டுவர ஆசைப்பட்டு, பழைய தையல் மெசினில் இருந்து எடுத்த சின்னப் பற்சக்கரம் ஒன்றைக் கீலுக்குள் வைத்தேன். வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக இழுக்க வேண்டும். பூட்டின் முகத்தில் காளான் வடிவத் தலை ஒன்று உண்டு. வெடிக்கும்போது அது பின்னால் அழுந்தி, இடையில் உள்ள மெத்தையை நசுக்கி, மெத்தை பக்கவாட்டில் பிதுங்கி வாயுவை அடைத்துவிடும். மருந்து பையில் வருவதால் அடைக்கப் பித்தளைத் தோட்டா கிடையாது, இந்த மெத்தைதான் எல்லாம். என்னுடையதில் அது பழைய செருப்பின் தோல் துண்டு. வெளியே தெரியாது. இருந்தாலும் வைத்தேன்.

சுழல்மேடைக்குப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தேன். மோட்டார் சைக்கிள் சில்லின் பெயாரிங் ஒன்று நடு அச்சுக்குப் போதும். அதன்மேல் பிளைவூட் தட்டு, பக்கக் கன்னங்களுக்கு மெல்லிய அலுமினியத் தகடு. மேடை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் நிலத்துக்குக் கீழே ஒரு குழி, மேலே தளம், சுற்றிக் கொங்கிறீற் விளிம்பு. பிந்திய மேடைகளில் குழலை 35 பாகை வரை உயர்த்தலாம். அப்போது குண்டு 26 கிலோமீற்றருக்கு மேல் போகும். ஒஸ்ரன்பேர்க்கில் இருந்து அந்தத் தூரத்தை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் கொட்டியார விரிகுடா முழுவதையும் தாண்டுகிறது. குழல் அவ்வளவு உயர வேண்டுமென்றால் அதன் பின்பக்கம் அதே அளவுக்குக் கீழே இறங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் மேடையின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். குழலைக் கடைசியில் செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

குழலுக்கு மரம் தேர்வது தனிக் கதை. முழு நீளம் மாதிரியில் 37 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே துண்டு மரத்தில் கடைந்தால் நம் ஊரில் தாங்காது. மாரியில் ஊறும், கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து வளையும். இடித்த பழைய வீட்டுக் கூரையின் முதிரை மரம் கிடைத்தது. பல வருடம் காய்ந்த மரம். அதை நாலு பட்டையாக அறுத்து, நார் எதிரெதிராக வருமாறு ஒட்டி, பிறகு கடையக் கொடுத்தேன். லேத்தில் முதிரை பொன் நிறத்தில் பளபளவென்று வந்தபோது பெயின்ற் அடிக்கவே மனம் வரவில்லை. அண்ணையும் "இப்படியே விடன்" என்றார். அடித்தேன். பீரங்கி பீரங்கியாக இருக்க வேண்டுமே.

குழல் பின்னால் பருத்து முன்னால் மெலிவது அழகுக்காக வந்ததல்ல. மருந்து எரியும்போது பின்பக்கம்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். உள்ளே ஓர் உருக்குக் குழாய், அதன்மேல் இறுக்கிச் சுற்றிய உருக்குக் கம்பி அடுக்கடுக்காக, அதற்கு மேல் சூடாக்கி ஏற்றி ஆறவிட்ட உறை. கம்பி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் நீளவாக்கில் விறைப்பைத் தராது. அதனால் நீண்ட கம்பிச் சுற்றுப் பீரங்கிகளின் நுனி சற்றுத் தொய்யும் என்று படித்தபோது, ஒட்டுப் பட்டை முறையில் செய்தது நல்லது என்று பட்டது.

எடை பற்றி ஒரு கணக்கு. நீளம் பன்னிரண்டில் ஒன்று என்றால் எடை 1,728இல் ஒன்று. முழு உருக்கில் செய்திருந்தால் குழலும் பூட்டும் மட்டும் 16 கிலோ வந்திருக்கும். மரத்தில் என்பதால் ஒருவரே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறலாம். அதே கணக்கில் ஒரு குண்டு ஏறக்குறைய 100 கிராம். இதற்கு மட்டும் உண்மை எடை வேண்டும் என்று மரத்தைக் குடைந்து ஈயம் அடைத்துக் கடைந்தேன். காரணம் அடுத்து வருகிறது.

இந்தப் பீரங்கிகளில் குண்டைத் தளத்துக்குத் தூக்குவது நீரியல் ஏற்றி. அதை இரண்டு சிரிஞ்சும் ஒரு சேலைன் குழாயும் வைத்துச் செய்தேன். ஒன்றை அமுக்கினால் மற்றது எழும். பார்மசியில் ஊசி இல்லாமல் சிரிஞ்ச் மட்டும் கேட்டபோது ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பீரங்கிக்கு என்று சொல்லவில்லை. தண்ணீர் விட்டால் சில கிழமையில் பாசி பிடிக்கிறது. மெசின் எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். பழைய காலத்து வாகன பிரேக்குகளில் ஆமணக்கெண்ணெய்தான் கலந்தார்கள் என்பது நினைவுக்கு வந்து, அதையே ஊற்றினேன். 100 கிராம் குண்டு இப்போது ஆடாமல், ஆனால் மிகமிக மெதுவாக மேலே வருகிறது. இன்னும் மெல்லிய எண்ணெய் ஏதாவது, ரப்பருக்கும் ஆகாததாக இல்லாமல், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.