கொல்வது எளிது, நிரூபிப்பது கடினம்

புற்றுநோய்ச் செல்களைக் கொல்லுமா என்று பார்க்க நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலிகை நிலவேம்பு. வழிகாட்டி சொன்ன முதல் வேலை, செடியைத் தாவரவியலாளரிடம் காட்டி அடையாளச் சான்று பெறுவது. பூவோடு ஒரு கிளையை உலர்த்தி, தாவரச் சேகரிப்பகத்தில் எண் வாங்கி வைத்தோம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் செடியே வேறு என்றால் பின்னால் வரும் எண்கள் எதற்கும் உதவாது.

நிழலில் உலர்த்திப் பொடித்த இலையை முதலில் ஹெக்சேன், அடுத்து எத்தில் அசிட்டேட், கடைசியில் மெத்தனால் என்று ஊறவைத்து வடித்தேன். கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சிய கரும்பச்சைப் பிசின் நீரில் கரைய மறுத்தது. அதை டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைக்க வேண்டும். அளவு மிஞ்சினால் டி.எம்.எஸ்.ஓ.வே செல்களைக் கொன்றுவிடும் என்பதால், செல்களை வளர்க்கும் தட்டின் ஒவ்வொரு சிறு குழியிலும் அதன் பங்கை 0.5 சதவீதத்துக்குள் நிறுத்தினேன். சாறு கலக்காமல் அதை மட்டும் இட்ட குழிகளும் ஒவ்வொரு தட்டிலும் இருந்தன.

சோதனைக்கு எம்.சி.எஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். முறை, மோஸ்மன் 1983-இல் வெளியிட்ட எம்.டி.டி. சோதனை. உயிருள்ள செல் எம்.டி.டி. என்னும் மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக்கும். படிகத்தைக் கரைத்து 570 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால், எவ்வளவு செல்கள் பிழைத்தன என்று கணக்கிடலாம். கேட்க எளிமையாக இருக்கிறது. மூலிகை என்று வந்தால்தான் வம்பு. சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் செல்லின் துணையின்றித் தாமே அந்தச் சாயத்தை ஊதாவாக்கக்கூடும். செல்லே இல்லாத குழியில் மெத்தனால் சாற்றையும் சாயத்தையும் மட்டும் இட்டுப் பார்த்தோம், நிறம் மாறிவிட்டது! செல்கள் செத்துக் கிடந்தாலும் கருவி அவற்றை உயிரோடிருப்பதாகவே காட்டும். அதனால் சாயம் இடுமுன் சாற்றை வடித்து, தாங்கல் கரைசலால் கழுவும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். புரதத்தின் அளவைக் கணக்கிடும் சல்ஃபோரோடமின் பி சோதனையையும் இணையாகச் செய்தோம். இரண்டும் ஒத்துவராத முடிவை நான் நம்புவதில்லை.

செல்களில் பாதியை ஒழிக்கும் செறிவுக்கு ஐ.சி.50 என்று பெயர். கச்சாச் சாறு என்றால் அது மில்லிலிட்டருக்கு 20, மிஞ்சிப்போனால் 30 மைக்ரோகிராமுக்குள் வந்தால்தான் பொருட்படுத்தலாம் என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. முந்நூறு மைக்ரோகிராமில் செல் செத்ததைப் பெருமையாக எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. அந்தச் செறிவில் எதை ஊற்றினாலும் செல் வாடத்தான் செய்யும்.

எங்கள் எத்தில் அசிட்டேட் சாறு அந்த வரம்புக்குள் வந்தது. கொண்டாட முடியவில்லை. இயல்பான செல்களிலும் அதே தட்டமைப்பில் சோதித்தபோது, அவற்றையும் ஏறக்குறைய அதே செறிவில் கொன்றது. ஒப்பீட்டுக்கு வைத்த டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து எதிர்பார்த்தபடி வேலை செய்ததால், தட்டின்மேல் பழி போடவும் வழியில்லை.

"நோயாளிக்கு இதைக் கொடுக்கலாமா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். கூடாது என்றேன். குழியில் நேராகச் செல்லின் மேல் விழும் சாறு வேறு, குடலும் கல்லீரலும் கடந்து இரத்தத்தில் மிஞ்சுவது வேறு.

இப்போது அந்தச் சாற்றைச் சிலிக்கா நிரலில் ஏற்றிப் பின்னங்களாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் பொருளும் இயல்பான செல்களைத் தாக்கும் பொருளும் ஒன்றேதானா என்பது பிரித்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு பின்னத்துக்கும் மறுபடி இரண்டு சோதனைகள், இரண்டு வகைச் செல்கள்.