நீலமாக வந்த நிக்கல்

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். ஈரம் பட்ட யூரியா மூட்டையைப் பிரித்தால் மூக்கில் ஏறும் நெடிதான் அம்மோனியா. அதை உடைத்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆய்வில் தஞ்சாவூரில் சேர்ந்தபோது, "உரமாவுற சரக்க எதுக்குத் தம்பி உடைக்கிறீங்க?" என்றார் அப்பா. எரிபொருளாக எடுத்துப்போக ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். அம்மோனியாவுக்கு மைனஸ் 33 போதும், அதன் எடையில் 17.6 சதவீதம் ஹைட்ரஜன்தான் என்று விளக்கினேன். தலையாட்டினார்.

அம்மோனியா வேகமாக உடைய ஒரு வினையூக்கி வேண்டும். இந்த வேலைக்கு ருத்தேனியம் என்ற உலோகம்தான் கெட்டிக்காரன், ஆனால் விலை கட்டுப்படியாகாது. அதனால் நிக்கல். பச்சை நிற நிக்கல் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, அதில் அலுமினாப் (அலுமினிய ஆக்சைடு) பொடியை ஊறவைத்து, 110 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்தேன். மறுநாள் உலையில் வைத்தேன். முன்பு பயன்படுத்தியவர் 900 டிகிரியில் விட்டுப் போயிருந்தார். நான் எண்ணைப் பார்க்காமலே ஓடவிட்டேன்.

வெளியே வந்தது வானம் போல வெளிர்நீலப் பொடி. பார்க்க அவ்வளவு அழகு.

அதில் 100 மில்லிகிராமைக் குவார்ட்ஸ் குழாயில் நிரப்பி, ஹைட்ரஜனில் 600 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, நிமிடத்துக்கு 50 மில்லி அம்மோனியா விட்டேன். உடையாத அம்மோனியாவைக் கந்தக அமிலக் குடுவை பிடித்துக்கொள்ளும். மிச்சமுள்ள ஹைட்ரஜனும் நைட்ரஜனும் சோப்புக் குமிழி அளவுமானிக்குப் போகும். இரண்டு பங்கு அம்மோனியா முழுதாக உடைந்தால் நான்கு பங்கு வாயு. ஆக, 50 விட்டால் 100 வர வேண்டும். வரும் மில்லியே சதவீதக் கணக்கு. இந்த எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும். அன்று குமிழி கண்ணாடிக்குள் அசையவே யோசித்தது. நிமிடத்துக்கு 4 மில்லி. அமிலத்தில் போட்டிருந்த மெத்தில் சிவப்பு, அமிலம் தீர்ந்தால் நிறம் மாறும் சாயம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளானது.

நெறியாளர் பொடியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "நீலம்னா நிக்கல் அலுமினேட். நிக்கல் உள்ளே போய்ப் பூட்டிக்கிச்சு. 600 டிகிரிக்கெல்லாம் அது வெளிய வராது." மூன்று வார உழைப்பு. அன்று மன்னார்குடி பஸ்ஸில் யாரிடமும் பேசவில்லை.

அடுத்த முறை 500 டிகிரி, நான்கு மணி நேரம். எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வந்த பொடி ஹைட்ரஜன் பட்டதும் கறுத்தது. 600 டிகிரியில் 58 மில்லி. நிக்கலின் சிக்கல், உடைந்த நைட்ரஜன் அணுக்கள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, ஜோடி சேர்ந்து கிளம்ப மறுப்பது. லாந்தனம் என்ற இன்னொரு உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்ததும் பிடி தளர்ந்தது; நிக்கல் துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று திரள்வதும் குறைந்தது. 76 வந்தது. வெப்பத்தை 650-க்கு ஏற்றியதும் 95.

மிச்சம் 5 சதவீதம் சின்னதில்லை. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்குப் போகும் வாயுவில் அம்மோனியா பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக் கூடாது. இப்போது வடிகட்டும் வேலையில் இருக்கிறேன். அந்த நீலப் பொடி இன்னும் என் மேசையில், சீசாவில், 900 என்று சீட்டு ஒட்டி நிற்கிறது.