முகத்தில் செதில் உதிர்கிறதா? எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள்

முகத்தில் வெள்ளையாகத் தோல் உரிய ஆரம்பித்தால் ஆண்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஸ்க்ரப் போட்டுத் தேய்க்கிறார்கள், அல்லது கையில் கிடைத்த எண்ணெயைத் தடவுகிறார்கள். இரண்டுமே தொல்லையைக் கூட்டக்கூடியவை. உரிவதெல்லாம் வறட்சி இல்லை என்பதுதான் காரணம்.

கண்ணாடி முன்னால் நல்ல வெளிச்சத்தில் நின்று பாருங்கள். கன்னம், தாடை, வாயைச் சுற்றி மாவு போல மெல்லிய வெள்ளைச் செதில், முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிற உணர்வு என்றால் அது வறட்சி. மூக்கின் இரு ஓரம், புருவத்துக்குள், மீசை தாடிக்கு அடியில் லேசான மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான செதில் இருந்து, அடியில் சிவந்தும் அரித்தும் இருந்தால் அது செபோரிக் டெர்மடைடிஸ். தலையில் வரும் பொடுகின் நெருங்கிய சொந்தம் இது. மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் வெளிறியோ கறுத்தோ காணப்படலாம்.

இந்த இரண்டாவது வகையை வறட்சி என்று நினைத்து மாதக்கணக்கில் கிரீம் தடவுபவர்கள் ஏராளம். எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கு (நுண்ணிய பூஞ்சை) இதில் பங்கு உண்டு. தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதன் உணவு. ஆலிவ் எண்ணெய் போன்றவற்றில் இருக்கும் கொழுப்பு அமிலங்களும் அதற்குத் தீனியாகும். அதனால் எண்ணெயை நிறுத்துங்கள். பூஞ்சையை அடக்கும் 2% கீட்டோகோனசோல் ஷாம்புவை நுரைத்து, கண்ணில் படாமல் புருவம், மூக்கோரம், தாடியில் தடவுங்கள். தாடி அடர்த்தியாக இருந்தால் விரல் நுனி தோலைத் தொட வேண்டும். நுரை முடியோடு நின்றால் பயன் இல்லை. 3 முதல் 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வாரம் 2 முறை, 4 வாரம் வரை. அடங்கியபின் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். இந்த ஷாம்புவும் தோலை உலர்த்தும், எனவே கழுவியதும் மாய்ஸ்சரைசர் அவசியம்.

வறட்சிக்கு வருவோம். சாதாரண சோப்பின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9 முதல் 10, அதாவது காரம். முகத்தோலின் பிஎச் சுமார் 5, லேசான அமிலம். சோப்பு அழுக்கோடு சேர்த்து, தோல் செல்களை ஒட்டிவைத்திருக்கும் கொழுப்பையும் எடுத்துவிடுகிறது. ஆகவே இரவில் மட்டும் வாசனை சேர்க்காத, சோப்பு இல்லாத கிளென்சர், காலையில் வெறும் தண்ணீர். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். முழுக்கக் காய்ந்தபின் தடவினால் பலன் குறையலாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை அளவு வேண்டும். பலரும் இதைவிடக் குறைவாகவே போடுகிறார்கள்.

மாய்ஸ்சரைசர் வாங்கும்போது சேர்மானப் பட்டியலில் கிளிசரின், செராமைடு, பெட்ரோலாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சீட்டைல் ஆல்கஹால்’ என்று கண்டால் பயப்பட வேண்டாம், அது தோலை மென்மையாக்கும் கொழுப்பு வகை. தவிர்க்க வேண்டியது தோலை உலர்த்தும் ‘ஆல்கஹால் டீனாட்’.

ஷேவிங்கில் பிளேடு முடியோடு தோலின் மேலடுக்கையும் சீவுகிறது. குளித்தபின், கிரீம் தடவி 2 நிமிடம் ஊறவிட்டு, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். நுரை போன இடத்தில் மறுபடி இழுக்காதீர்கள். 5 முதல் 7 ஷேவுக்கு ஒரு பிளேடு மாற்றுங்கள். ஆஃப்டர் ஷேவ் எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைக்கிறோம். அது தோல் புண்பட்டிருப்பதன் அடையாளம். அதற்குப் பதில் மாய்ஸ்சரைசரே போதும்.

பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போடுபவர்களுக்குத் தோல் உரிவது வழக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு என்று குறைத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை மருத்துவர் சொல்லாமல் முகத்தில் போடாதீர்கள். இரண்டே நாளில் மறைந்ததுபோல் இருக்கும்; தொடர்ந்தால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். வட்ட வடிவில் ஓரம் தடித்துச் செதில் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், ஸ்டீராய்டு அதை இன்னும் பரப்பும். நீர் கசிந்தாலோ, தாடிச் சாயம் போட்டபின் வீங்கினாலோ, வெயில் படும் இடத்தில் ஒரே சொரசொரப்பான திட்டு மறுபடி மறுபடி வந்தாலோ, 4 வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.